மதுரையில் தொழில் செய்பவர்களுக்கு: சம்பாதித்த நல்ல பெயரைக் கூகுள் மேப்பில் நிலைநாட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் பல கடைகளுக்கு விளம்பரமே தேவைப்பட்டதில்லை. எந்த டெய்லரிடம் பிளவுஸ் கொடுப்பது, எந்தக் கடையில் சுங்குடி சாயம் போகாது, எந்த மெஸ்ஸில் குழம்பு வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும் என்பதையெல்லாம் அம்மாவும் சித்தியும் பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லிவிடுவார்கள். இன்று அதே குடும்பத்துப் பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தன் கல்யாணத்துக்கு லீவு போட்டு ஊருக்கு வருகிறாள். பிளவுஸை யாரிடம் கொடுப்பது என்று ஃபோனில்தான் தேடுகிறாள். முப்பது வருடம் கைநேர்த்தியோடு தைத்தவர் அந்தத் தேடலில் வருவதே இல்லை, போன வருடம் திறந்த கடை முதலில் வந்து நிற்கிறது. புதுக் கடைமேல் குற்றம் இல்லை. ஆனால் பழைய கைக்கு இது நியாயமும் இல்லை.

இந்த வழிகாட்டி அந்தப் பழைய கைக்காகத்தான். இல்லாத பெயரை உண்டாக்கும் வித்தை எதையும் இதில் தேடாதீர்கள். ஏற்கெனவே சம்பாதித்த பெயரை, உங்களைத் தெரியாதவர்கள் கண்ணிலும் படும்படி எழுத்தில் கொண்டுவருவதுதான் வேலை. அதற்குப் பணம் தேவையில்லை. ஒரு ஃபோன், ஒரு ஜிமெயில் கணக்கு, வாரத்துக்குக் கொஞ்ச நேரம் போதும்.

எந்தத் தளம்?

கடையோ பட்டறையோ கிளினிக்கோ வைத்திருப்பவர் முதலில் பிடிக்க வேண்டியது கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததுதான் இது. மேப்பில் கடையைத் தொட்டால் வரும் பெயர், நட்சத்திரம், ஃபோன் நம்பர், படங்கள் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. அப்புறம் உங்கள் தொழிலைப் பொறுத்து இன்னும் ஒன்று. ஹோட்டல் என்றால் ஸ்விக்கி, ஸொமேட்டோ. மொத்த வியாபாரம் என்றால் இந்தியாமார்ட். வீட்டுக்குப் போய் வேலை செய்பவர் என்றால் ஜஸ்ட்டயல். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர் என்றால் அறை முன்பதிவுத் தளங்கள். எல்லாவற்றிலும் ஒரே நாளில் கணக்குத் திறந்துவிட்டு எதையும் கவனிக்காமல் விடுவதைவிட, ஒன்றை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது மேல். எங்கே பதிந்தாலும் பெயர், முகவரி, ஃபோன் நம்பர் மூன்றும் எழுத்து மாறாமல் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஒரு விஷயம். கூகுள் ப்ரொஃபைல் வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழிலுக்கு மட்டும்தான். முழுக்க ஆன்லைனில் வெப்சைட் வடிவமைப்பவர், மொழிபெயர்ப்பவர் போன்றோருக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு உரியதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: ஏற்கெனவே மேப்பில் இருக்கிறீர்களா?

பதிவதற்கு முன் கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பெயரைத் தமிழில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை தேடுங்கள். பழைய கடைகளை யாரோ ஒரு வாடிக்கையாளர் எப்போதோ மேப்பில் சேர்த்து, அதில் நாலைந்து ரிவ்யூவும் விழுந்திருக்கும். உரிமையாளருக்கே தெரியாது. அப்படி இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். அந்தப் பக்கத்திலேயே 'இந்த பிசினஸின் உரிமையாளரா?' என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும், அதைத் தொட்டு உரிமை கோருங்கள். இரண்டு பதிவு இருந்தால் ரிவ்யூவும் இரண்டாகப் பிரியும், வருகிறவரும் குழம்புவார்.

கடையை வேறு இடத்துக்கு மாற்றியவர்களுக்கும் இதே விதிதான். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் தலைமுறை தலைமுறையாகத் தையல் மெஷின் ஓட்டியவர்களும், பாத்திரம், புத்தகம், வளையல் விற்றவர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். புதுமண்டபம் என்றாலே டெய்லர் என்று மனதில் பதிந்துபோன ஊர் இது. வெளியூரில் இருந்து பல வருடம் கழித்து வருகிற பழைய வாடிக்கையாளர் நேரே மண்டபத்துக்குத்தான் போவார். அவரைப் புது இடத்துக்குக் கூட்டிவர மேப்பைவிட நல்ல வழி இல்லை. இப்படி மாறும்போது பழைய பதிவை மூடிவிட்டுப் புதிது திறக்கக் கூடாது. பழைய பதிவிலேயே முகவரியைத் திருத்துங்கள். அதுவரை சேர்ந்த ரிவ்யூக்கள் கூடவே வரும். மறுபடி ஒரு தடவை சரிபார்ப்புக் கேட்கலாம், அவ்வளவுதான்.

படி 2: கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்

பெரும்பாலான வம்பு இங்கேதான் தொடங்குகிறது. பிரவுசிங் சென்டரிலோ, விளம்பரம் செய்து தருகிறோம் என்று வருபவரிடமோ சொல்லிவிடுகிறோம். அவர் தன் ஜிமெயிலிலேயே பதிந்துவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து ஃபோன் நம்பர் மாற்ற வேண்டும் என்றால் அவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

கடைக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து, அதை வைத்துப் பதியுங்கள். பாஸ்வேர்டை வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரியப்படுத்துங்கள். இதில் முதன்மை உரிமையாளர், உரிமையாளர், மேலாளர் என்று மூன்று நிலை உண்டு. உதவிக்கு வருபவரையோ, படிக்கிற மகனையோ மகளையோ மேலாளராகச் சேர்த்தால் போதும். ரிவ்யூவுக்குப் பதில் போட, படம் ஏற்ற அந்த உரிமையே தாராளம். முதன்மை உரிமையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

படி 3: பெயர், வகை, முகவரி, நேரம்

பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள். பெயரோடு 'பெஸ்ட் பிரைடல் பிளவுஸ் டெய்லர் இன் மதுரை' என்று வால் ஒட்டினால் தேடலில் மேலே வரும் என்று சிலர் சொல்லித் தருவார்கள். கூகுள் விதிப்படி அது தவறு. யாராவது புகார் கொடுத்தால் பதிவே முடங்கலாம்.

வகை என்பது நீங்கள் என்ன தொழில் என்று கூகுளுக்குச் சொல்வது. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை சேர்க்கலாம். முதன்மை வகையில் உங்களுக்குச் சோறு போடும் வேலை எதுவோ அதை வையுங்கள். பிளவுஸ் தைப்பதுதான் பிரதானம், கூடவே கொஞ்சம் ஃபால்ஸ் அடித்துத் தருகிறீர்கள் என்றால் டெய்லர் முதன்மை, ஆல்ட்டரேஷன் கூடுதல். செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள். அதைத் தேடி வந்து ஏமாந்தவர் எழுதும் ரிவ்யூ உங்களுக்கு நல்லதாக இருக்காது.

அடுத்து முகவரி. இதை மதுரைக்காரர்கள் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாக விரிகிறது ஊர். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு. நமக்கு இது பிறந்ததில் இருந்து தெரியும். வெளியூர்க்காரருக்கு மேல ஆவணி மூல வீதியும் மேல மாசி வீதியும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் முகவரியை எழுதியதோடு விடாமல், மேப்பில் சிவப்புப் பின்னை விரலால் நகர்த்திக் கடை வாசலிலேயே குத்துங்கள். அப்புறம் ஒரு நண்பரை ஸ்டேஷனில் இருந்து மேப்பை மட்டும் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவர் எந்தச் சந்தில் தடுமாறுகிறாரோ, அந்தச் சந்தின் அடையாளத்தை விவரக் குறிப்பில் எழுதிவிடுங்கள். குறிப்புக்கு 750 எழுத்து இடம் இருக்கிறது.

கடை இல்லாமல் வீட்டுக்கே போய் வேலை செய்பவர்கள், அதாவது ஏசி மெக்கானிக், பிளம்பர், மெஹந்தி போடுபவர், மேக்கப் கலைஞர் போன்றவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, போகும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். 20 பகுதி வரை அனுமதி. கே.கே.நகர், அண்ணா நகர், வில்லாபுரம், திருப்பரங்குன்றம், மேலூர், திருமங்கலம் என்று உண்மையிலேயே போகும் இடங்களை மட்டும் போடுங்கள். பெண்கள் வீட்டில் இருந்து தொழில் செய்தால் இந்த மறைப்பு வசதியை அவசியம் பயன்படுத்துங்கள்.

நேரம் சின்ன விஷயமாகத் தெரியும். 'மேப்பில் திறந்திருக்குன்னு போட்டிருந்துச்சு, வந்து பாத்தா பூட்டியிருக்கு' என்பதற்கு விழும் ஒற்றை நட்சத்திரம் சின்ன விஷயம் இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு மூடுகிறீர்கள் என்றால் காலையும் மாலையும் தனித்தனி நேரமாகப் பதியலாம். இரவு பரோட்டாக் கடை என்றால் மாலை 6 முதல் இரவு 2 வரை என்று அப்படியே போடலாம், நள்ளிரவைத் தாண்டுவதால் பிரச்சினை இல்லை. சித்திரைத் திருவிழாவில் கட்டாயம் சிறப்பு நேரம் பதியுங்கள். தேரோட்டத்தன்று மாசி வீதிகளிலும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கமும் வண்டி நுழைய முடியாது என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும், திண்டுக்கல்லில் இருந்து கிளம்பி வருபவருக்குத் தெரியாது. தீபாவளிக்கு முந்தின வாரம் நள்ளிரவு வரை திறந்திருந்தால் அதையும் பதியுங்கள்.

படி 4: வீடியோ சரிபார்ப்பு

கடை உங்களுடையதுதானா என்று கூகுள் உறுதி செய்யும். ஃபோன், மின்னஞ்சல், தபால் அட்டை என்று வழிகள் இருந்தாலும் பலருக்கும் இப்போது வீடியோதான் கேட்கிறது. எந்த வழி என்பதைக் கூகுளே முடிவு செய்யும். வீடியோவை வெட்டாமல், ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். அதில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இடம், தொழில், நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பது.

தெருமுனையில் இருந்து ஆரம்பியுங்கள். வீதிப் பெயர்ப் பலகையோ, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பேங்க்கோ படத்தில் விழட்டும். அப்படியே நடந்து வந்து கடையின் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். பிறகு சாவியைப் போட்டு ஷட்டரைத் தூக்குங்கள். இதுதான் முக்கியம், வெளியாள் ஒருவரால் செய்ய முடியாதது இது. உள்ளே மெஷின், கட்டிங் டேபிள், கம்பியில் தொங்கும் பிளவுஸ்கள், கடைப்பெயர் அச்சிட்ட பில் புத்தகம் என்று காட்டி முடியுங்கள். காலையில் கூட்டம் வருவதற்கு முன் எடுத்தால் மற்றவர்கள் முகம் விழாது. வங்கிக் கணக்கு விவரம், ஆதார் எண் எதையும் காட்ட வேண்டாம். முடிவு வரச் சில வேலை நாட்கள் ஆகும். நிராகரித்தால் பயப்படாதீர்கள், பெயர்ப்பலகையும் பதிவில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுங்கள்.

படி 5: படங்கள்

இணையத்தில் இருந்து எடுத்த மாடல் படம் வேண்டவே வேண்டாம். உங்கள் கை செய்ததைப் படம் எடுங்கள். சுங்குடிக்காரர்களுக்கு இதில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005இலேயே கிடைத்துவிட்டது, ஆனாலும் கையால் முடிச்சுப் போட்டதற்கும் அச்சுப் புள்ளிக்கும் வித்தியாசம் வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாது. சாயம் காய்ந்த சேலையில் இருந்து ஒரு முடிச்சை நகத்தால் இழுத்து அவிழ்க்கும்போது வெள்ளைப் புள்ளி திறக்கும் அந்தச் சில விநாடியை வீடியோவாகப் போடுங்கள். துணியில் நிற்கும் அந்தச் சுருக்கம் தெரியும்படி கிட்டத்தில் எடுங்கள். கைமுடிச்சுக்கு ஏன் அந்த விலை என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

நிறம் மாறாமல் இருக்கப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபில்ட்டர் போடாதீர்கள். கடை முகப்புப் படம் ஒன்று, உள்ளே ஒன்று, வேலை நடக்கும்போது சில. வாடிக்கையாளர் முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மணப்பெண் படம் என்றால் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நம் ஊருக்கு நல்லது.

படி 6: ரிவ்யூ கேட்பது

கேட்கக் கூச்சப்படாதீர்கள். திருப்தியாகப் போகிறவருக்கு எழுதத் தோன்றாது, கோபமாகப் போகிறவர் ஆட்டோவில் உட்கார்ந்தே எழுதிவிடுவார். கேட்காவிட்டால் கோபம் மட்டும்தான் பதிவில் நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். மூன்று பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த இடத்தில் ஒருவர் ஒன்று கொடுத்தால் சராசரி 4.0க்கு இறங்கிவிடும். பத்துப் பேர் கொடுத்த இடத்தில் அதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் 4.6. நூறு பேர் என்றால் 4.96, அதாவது கிட்டத்தட்ட அசைவே இல்லை. ஒரு கெட்ட ரிவ்யூவை அழிக்க அலைவதைவிட நேர்மையான ரிவ்யூ பத்துச் சேர்ப்பது சுலபம்.

எப்போது கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்யாணப் பிளவுஸை வாங்கிப் போகும் அன்று கேட்காதீர்கள், அவர்களுக்கு அன்று ஆயிரம் வேலை. முகூர்த்தம் முடிந்து நாலைந்து நாள் கழித்துக் கேளுங்கள். பிளவுஸ் எப்படி இருந்தது என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்திருக்கும், ஃபோட்டோவும் கையில் இருக்கும். ஏசி மெக்கானிக் மறுநாள் காலையில் கேட்கலாம், ஒரு ராத்திரி குளிர்ந்து பார்த்திருப்பார்கள். மெஸ்ஸில் பில்லோடு க்யூஆர் அட்டையை வைத்தால் போதும். ரிவ்யூ லிங்க்கும் க்யூஆர் கோடும் ப்ரொஃபைலிலேயே கிடைக்கும், வெளியே யாரிடமும் காசு கொடுத்துச் செய்ய வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப இப்படி ஒரு செய்தி போதும்:

"வணக்கம்மா. முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சதா? பிளவுஸ் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதினீங்கன்னா, எங்களைத் தெரியாதவங்களுக்கு உதவியா இருக்கும். நல்லதோ குறையோ, உள்ளது உள்ளபடி எழுதுங்க. லிங்க் கீழே இருக்கு."

'உள்ளது உள்ளபடி' என்ற அந்த வார்த்தையை எடுத்துவிடாதீர்கள். ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்பதும், ரிவ்யூ எழுதினால் 50 ரூபாய் தள்ளுபடி என்பதும், 'திருப்தியா?' என்று முதலில் கேட்டு ஆமாம் என்பவருக்கு மட்டும் லிங்க் அனுப்புவதும் கூகுள் விதிக்கு விரோதம். வேலை செய்யும் பையன்களை எழுதச் சொல்வதும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் இருபது பேரை ஒரே சாயங்காலம் எழுத வைத்தால், பெரும்பாலும் தானியங்கி வடிகட்டியே தூக்கிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று என்று சீராக வருவதே போதும். வருகிறவர்கள் தேதியைப் பார்க்கிறார்கள். போன வாரம் எழுதியதற்கு இருக்கும் மதிப்பு நாலு வருடம் முன் எழுதியதற்கு இல்லை.

படி 7: பதில் எழுதுவது

நட்சத்திரத்தைவிடப் பதிலைத்தான் பெரிதாக நினைக்கிறேன். நல்ல ரிவ்யூவுக்கு ஒரு வரி போதும், ஆனால் எல்லோருக்கும் ஒரே 'நன்றி, மீண்டும் வருக' வேண்டாம். அவர் சொன்ன ஒரு விஷயத்தைத் தொட்டு எழுதுங்கள்: 'மயில் வேலைப்பாடு பிடித்திருந்தது என்று கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, எம்ப்ராய்டரி போட்ட அண்ணனிடமும் சொல்லிவிட்டேன்' என்கிற மாதிரி.

குறை சொல்லும் ரிவ்யூ வரும்போது ரத்தம் கொதிக்கும். அன்றைக்கே எழுதாதீர்கள். எழுத வேண்டியது குறை சொன்னவருக்கு மட்டும் இல்லை, நாளைக்கு இதைப் படித்துவிட்டு உங்களிடம் வரலாமா என்று யோசிக்கப்போகும் நூறு பேருக்கும்தான். உதாரணத்துக்கு இப்படி ஒரு ரிவ்யூ என்று வைத்துக்கொள்வோம்:

"10ஆம் தேதி தரேன்னு சொன்னாங்க. 12 ராத்திரிதான் கைக்கு வந்துச்சு, 13 காலைல முகூர்த்தம். கை லூஸ். மூணு தடவ ஃபோன் பண்ணியும் எடுக்கல."

கோபத்தில் வரும் பதில் இப்படி இருக்கும்: "நீங்க துணியே லேட்டாத்தான் கொடுத்தீங்க. அளவு பிளவுஸ தப்பா கொடுத்துட்டு எங்களக் குறை சொல்லாதீங்க. இன்னும் 300 ரூபா பாக்கி இருக்கு." இதில் சொன்னது முழுக்க உண்மையாகவே இருக்கட்டும். படிக்கிற மூன்றாவது ஆள் என்ன நினைப்பார்? நாளைக்கு நம் பாக்கியையும் இப்படி ஊருக்குச் சொல்வார்கள் என்றுதான்.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம்மா. 10ஆம் தேதி என்று சொல்லிவிட்டு 12ஆம் தேதி இரவு கொடுத்தது எங்கள் தவறு. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி நீங்கள் எவ்வளவு பதறியிருப்பீர்கள் என்று புரிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துத் தரக் காசு வேண்டாம். கடைக்கு வர முடியாவிட்டால் வீட்டுக்கே ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறோம். முகூர்த்த நாட்களில் ஃபோன் எடுப்பதற்கென்றே இப்போது ஒருவரை வைத்திருக்கிறோம்."

தேதியைத் திரும்பச் சொன்னதால் ரிவ்யூவை ஒழுங்காகப் படித்தது தெரிகிறது. தவறு என்ற வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் சொல்லியாகிவிட்டது. என்ன செய்து தருவோம் என்பது இருக்கிறது. இனி இது நடக்காமல் இருக்க என்ன மாற்றினோம் என்பதும் இருக்கிறது. அந்தக் கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஆளே வைக்காமல் ஆள் வைத்தோம் என்று எழுதினால் அடுத்த ரிவ்யூவில் அது வெளியே வந்துவிடும்.

வாடிக்கையாளர் சொன்னதில் ஒரு பகுதி தவறு என்றால், குரலை உயர்த்தாமல் அதை மட்டும் சொல்லலாம்: 'எங்கள் நோட்டில் 12 என்று குறித்திருக்கிறது, ஆனால் நீங்கள் 10 என்று புரிந்துகொள்ளும்படி நாங்கள் சொல்லியிருந்தால் அதுவும் எங்கள் குறைதான்.' பில் தொகை, ஃபோன் நம்பர், அளவு எதையும் பொதுவில் எழுதக் கூடாது. கிளினிக் வைத்திருப்பவர்கள், அவர் தங்களிடம் சிகிச்சைக்கு வந்தார் என்பதைக்கூட உறுதிப்படுத்தாமல் 'நேரில் பேசுவோம்' என்று முடிப்பதுதான் முறை.

அப்புறம் உண்மையிலேயே பிளவுஸைச் சரிசெய்து கொடுங்கள். கொடுத்தபின் 'ரிவ்யூவை எடுத்துவிடுங்கள்' என்று கேட்காதீர்கள். மனசு ஆறினால் அவரே திருத்தி எழுதுவார். எழுதாவிட்டாலும் உங்கள் பதில் அங்கே நிற்கிறது.

ராமேஸ்வரம் போகும் வழியில் வரும் வடநாட்டுக்காரர்களும், சபரிமலை சீசனில் ஆந்திரா, கர்நாடகத்தில் இருந்து வருபவர்களும் அவரவர் மொழியில் எழுதுவார்கள். மொழிபெயர்ப்பு வசதியில் படித்துவிட்டு, முடிந்தால் அவர்கள் மொழியிலேயே இரண்டு வரி போடுங்கள். அடுத்து வரும் அந்த மொழிக்காரருக்கு அது பெரிய ஆறுதல்.

படி 8: பொய் ரிவ்யூவும் மோசடிப் பேர்வழிகளும்

உங்கள் கடைக்கே வராதவர் எழுதியது, கெட்ட வார்த்தை, சாதியை இழுப்பது, போட்டிக் கடைக்காரர் எழுதியது போன்றவற்றை அந்த ரிவ்யூவின் மூன்று புள்ளியைத் தொட்டுப் புகார் செய்யலாம். எடுக்க மறுத்தால் மேல்முறையீடும் உண்டு. ஆனால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு ரிவ்யூவை எடுக்க மாட்டார்கள். புகார் நிலுவையில் இருக்கும்போதே பதிலும் போட்டுவிடுங்கள்: 'இந்தப் பெயரில் எங்களிடம் ஆர்டர் எதுவும் இல்லை. ஒருவேளை வேறு பெயரில் கொடுத்திருந்தால் கடைக்கு ஃபோன் செய்யுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.'

'கூகுளில் இருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பில் இருந்து போய்விடும்' என்று ஃபோன் வரும். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்குக் கட்டணமே கிடையாது. ஓடிபி கேட்டால் உடனே ஃபோனை வையுங்கள். ஒற்றை நட்சத்திரங்களைப் போட்டுவிட்டுப் பணம் கொடுத்தால் எடுக்கிறேன் என்று மிரட்டுபவருக்கும் காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்ப வருவார். அந்தச் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூகுளில் புகார் செய்யுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஐந்து நட்சத்திரத்தைக் கட்டுக்கட்டாக விற்பவர்களும் வருவார்கள். வாங்கவே வாங்காதீர்கள். பொய் ரிவ்யூ என்று கூகுள் கண்டுபிடித்தால் புதிய ரிவ்யூ வருவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாம், இருப்பவற்றையும் மறைக்கலாம், பொய் ரிவ்யூ நீக்கப்பட்டது என்ற எச்சரிக்கையை உங்கள் பக்கத்திலேயே போடலாம். நம் நாட்டிலும் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. தளங்கள் தாமாக முன்வந்து பின்பற்ற வேண்டியது அது. காசுக்கு எழுதிய ரிவ்யூக்கள் கூடாது என்பதை அது தெளிவாகவே சொல்கிறது. இதெல்லாம் ஒரு பக்கம். உள்ளூரில் பொய் நட்சத்திரம் வாங்கியது தெரிந்தால் முப்பது வருடப் பெயரும் சேர்ந்து போகும், அதுதான் எனக்குக் கவலை.

படி 9: மாதம் ஒரு தடவை பாருங்கள்

எத்தனை பேர் ஃபோன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன வார்த்தையைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்பதை ப்ரொஃபைலே காட்டும். அந்த வார்த்தைகளைக் கவனியுங்கள். ஆரி வொர்க் என்று தேடி நிறைய பேர் வருகிறார்கள், உங்கள் படங்களில் ஆரி வேலையே இல்லை என்றால் அடுத்து என்ன படம் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். தேடலில் யார் மேலே வருவார் என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றை வைத்து முடிவு செய்வதாகக் கூகுள் சொல்கிறது. தூரம் உங்கள் கையில் இல்லை. மற்ற இரண்டுக்காகத்தான் இவ்வளவும் செய்தோம்.

குறைகளையும் வரிசையாகப் படியுங்கள். மூன்று பேர் ஃபோன் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தால் அது ரிவ்யூ பிரச்சினை இல்லை, கடையின் பிரச்சினை.

கடை இல்லாதவர்களுக்கு

இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி பூங்காக்களில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் இருந்தே வெளிநாட்டு வேலை எடுப்பவர்கள் ஆகியோருக்கு லிங்க்ட்இன்தான் இந்த இடத்தில் நிற்கும். திறமைப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் தட்டிவிட்டுப் போகும் ஒப்புதல்களுக்குப் பெரிய மதிப்பு இல்லை. கூட வேலை செய்தவர் தன் பெயரில் எழுதும் பரிந்துரைக்குத்தான் மதிப்பு. அதை வேலையை விட்டுப் போகும்போது கேட்காதீர்கள், ஒரு ப்ராஜெக்ட் நல்லபடியாக முடிந்த வாரத்தில் கேளுங்கள். என்னைப் பற்றி நல்லதாக எழுதுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் 'கடின உழைப்பாளி, நல்லவர்' என்றுதான் வரும். ஆங்கிலத்திலேயே கேட்டாலும் விஷயம் இப்படி இருக்கட்டும்:

"சார், அந்த பில்லிங் சாஃப்ட்வேர் வேலையில் மாதக் கடைசியில் வந்த பிழையை நாம் சேர்ந்து சரிசெய்தோமே, அதில் என் பங்கு என்ன என்று உங்களுக்குத் தோன்றியதை நாலு வரி எழுதித் தர முடியுமா? நேரம் இருக்கும்போது போதும்."

அப்வொர்க் போன்ற தளங்களில் வேலை எடுப்பவர்கள் தொடக்கத்தில் சின்ன வேலைகளாக எடுத்து, சொன்ன நாளுக்கு முன் முடித்துக் கொடுங்கள். அங்கே வேலை வெற்றி மதிப்பெண் என்று ஒன்று சதவீதத்தில் தெரியும், அது வாடிக்கையாளர் உங்களுக்குத் தெரியாமல் கொடுக்கும் தனிப்பட்ட கருத்தையும் சேர்த்துத்தான் கணக்காகிறது. அதனால் முடியாத வேலையை ஒப்புக்கொண்டு பாதியில் விடுவதைவிட, 'இது எனக்கு வராது' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ட்யூஷன் எடுப்பவர், ஃபோட்டோகிராஃபர் போன்று நேரிலும் வேலை செய்பவர்கள் லிங்க்ட்இன்னோடு நிற்காமல், படி 3இல் சொன்னபடி வீட்டு முகவரியை மறைத்துக் கூகுளிலும் பதிந்துவிடுங்கள்.